‘ஒண்ணும் ஆகாது’ என்று நான் சொன்ன நாள்

டாக்டர் ஐந்து நிமிடம் பேசியதை நான் அரை நிமிடத்தில் தமிழில் சொல்லி முடித்தேன். நர்ஸ் வேலையில் எத்தனையோ தப்பு செய்திருக்கிறேன். ஒருவருடைய ஃபைலை இன்னொருவர் மேசையில் வைத்துத் திட்டு வாங்கியிருக்கிறேன். கண்ணாடி ஊசிகளைத் தட்டோடு கீழே போட்டிருக்கிறேன். அதையெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டே சொல்வேன். அந்த அரை நிமிடத்தை மட்டும் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. மார்பைப் பெரிதாக்கும் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்று யாராவது என்னிடம் கேட்டால், இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

அரசாங்க மருத்துவமனை சர்ஜிக்கல் வார்டில் பதினோரு வருடம் இருந்துவிட்டு, எண்பதுகளின் ஆரம்பத்தில் எங்கள் மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனின் கிளினிக்கில் சேர்ந்தேன். அவர் சீனர், பெயர் வேண்டாம். தீக்காயம், பிளவுபட்ட உதடு, மெஷினில் மாட்டிய விரல் என்று பாதி வேலை இருக்கும். மீதி மூக்கு, இமை, மார்பு. அவருக்கு இங்கிலீஷும் ஹொக்கியன் சீனமும் கடைத்தெரு மலாயும் தெரியும். தமிழ் பேஷண்ட் வந்தால் நான்தான் அவருக்கு வாய், அவர்களுக்குக் காது. இங்கே நர்ஸை எல்லோரும் ‘மிஸ்ஸி’ என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டரும் அப்படித்தான்.

1. அரிசிப் பை

வசந்தா என்று வைத்துக்கொள்வோம். 1984இல் அக்கரையிலுள்ள பாகான் டாலாமிலிருந்து ஃபெர்ரி ஏறித் தன் அக்காவோடு வந்தாள். முப்பத்தொரு வயது. புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடர். தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவள். இரண்டு பெண் குழந்தைகள்.

எங்கள் டாக்டரின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இது யாருக்கு வேண்டும்? புருஷன் கேட்டான், காதலன் கேட்டான் என்றால் பேசி அனுப்பிவிடுவார்.

“அவரு எதுக்கு இதெல்லாம்னுதான் கேக்குறாரு மிஸ்ஸி. எனக்குத்தான் வேணும். ரெண்டு பிள்ளைக்கும் பால் குடுத்து முடிச்ச பிறகு ஒண்ணுமே இல்லாம போச்சு. குளிச்சிட்டு வந்தா கண்ணாடி பக்கம் திரும்புறதே இல்ல.”

இதை நான் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். டாக்டர் தலையாட்டினார். கட்டி ஏதாவது இருந்ததா, குடும்பத்தில் யாருக்காவது மார்பில் புற்றுநோய் உண்டா, இன்னொரு குழந்தை வேண்டுமா, கடைசிக் குழந்தை பால் மறந்து எத்தனை மாதம் என்று வரிசையாகக் கேட்டார். டேப் வைத்து அளந்தார். முதல் நாளில் அவ்வளவுதான். முதல் நாளிலேயே தேதி குறிக்கிற டாக்டரிடம் போகாதீர்கள் என்று இன்றைக்கும் சொல்வேன்.

அதற்குப் பிறகு என் பாகம். பழைய நைலான் காலுறையை வெட்டி, டாக்டர் சொன்ன அளவுக்கு அரிசி போட்டு, இரண்டு பை கட்டிக் கொடுப்பேன். “இத பிராவுக்குள்ள வெச்சிக்கிட்டு வீட்டுல எல்லா வேலையும் செஞ்சு பாருங்க. ரெண்டு நாள் இருக்கட்டும்.” பெரும்பாலானவர்கள் பெரிதாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வருவார்கள், இரண்டு நாளில் அரிசியைக் குறைத்துக்கொண்டு வருவார்கள். வசந்தாவும் அப்படித்தான். “சம்பல் இடிக்கும்போது முன்னாடி வந்து நிக்குது மிஸ்ஸி, வேலையே ஓடல லா,” என்று ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துவிட்டிருந்தாள். அன்றைக்கு மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

2. டாக்டரின் ஐந்து நிமிடம்

அடுத்த முறை அவள் அக்கா பஞ்சாங்கம் பார்த்து ஒரு வெள்ளிக்கிழமை காலை கூட்டிக்கொண்டு வந்தாள். அன்றைக்குத்தான் முக்கியமான பேச்சு. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இங்கிலீஷில் ஆரம்பித்தார்.

அவர் சொன்னது இதுதான். உள்ளே ரத்தம் கட்டலாம். கிருமி சேரலாம். காம்பில் உணர்ச்சி குறையலாம், சிலருக்குத் திரும்பாமலே போகலாம். பின்னால் குழந்தை பெற்றால் பால் குறையலாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. உள்ளே வைக்கும் சிலிக்கான் பையைச் சுற்றி உடம்பு தானாகவே ஒரு தோல் போர்த்திக்கொள்ளும். சிலருக்கு அந்தத் தோல் சுருங்கிப் பையை இறுக்கும். மார்பு கெட்டியாகும், வலிக்கும், உருவம் மாறும். யாருக்கு அப்படி வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. வந்தால் இன்னொரு ஆபரேஷன். வராவிட்டாலும் அந்தப் பை ஆயுள் முழுக்க இருக்கும் பொருள் இல்லை. என்றைக்காவது எடுக்கவோ மாற்றவோ வேண்டியிருக்கும்.

“மிஸ்ஸி, டெல் ஹெர் எவ்ரிதிங் ஆ,” என்று முடித்தார்.

நான் வாயைத் திறக்கும் முன் அக்காக்காரி முந்திக்கொண்டாள். “என்னவாம் மிஸ்ஸி? முகத்த ஒரு மாதிரி வெச்சிக்கிட்டு பேசுறாரு? நல்ல நாள் பாத்து வந்திருக்கோம். கெட்டதா ஒண்ணும் சொல்லிடாதீங்க லா.”

வசந்தா மடியில் வைத்திருந்த கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

பதினோரு வருடம் வார்டில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. பயந்த பேஷண்டுக்குத் தைரியம் சொல்வது நர்ஸின் வேலை. தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது கையைப் பிடித்து ‘ஒண்ணும் ஆகாது’ என்று சொன்னால் பாதி பயம் போய்விடும். எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், கணக்கே இல்லை. அதே வாயோடு அன்றைக்கும் சொன்னேன்.

“எல்லா ஆபரேஷன்லயும் இருக்குறதுதான் வசந்தா. கொஞ்ச நாள் வலி இருக்கும். தழும்பு மறைய நாளாகும். டாக்டர் கைராசிக்காரரு. ஒண்ணும் ஆகாது.”

டாக்டர் என்னைப் பார்த்தார். “தட்ஸ் ஆல் ஆ? ஐ டாக் ஸோ லாங்.”

தமிழில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம் டாக்டர் என்றேன். இரண்டு மொழியும் தெரிந்த இன்னொருவர் அந்த அறையில் இருந்திருந்தால் என் காதைத் திருகியிருப்பார். டாக்டர் சிரித்தபடி ஃபைலில் எழுதினார். ஆபத்துகள் விளக்கப்பட்டன, மிஸ்ஸி மூலமாக. இங்கிலீஷில் இருந்த படிவத்தில் வசந்தா தமிழில் கையெழுத்துப் போட்டாள்.

அதற்குப் பிறகு அவள் என்னை மிஸ்ஸி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். “அக்கா” என்றாள். எனக்கும் பெருமையாக இருந்தது.

3. கை தூக்கக் கூடாத நாட்கள்

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. முழு மயக்கம், இரண்டு மணி நேரம் பிடித்தது. மார்புக்குக் கீழே மடிப்பில் வெட்டு. ரத்தம் வடிய இரு பக்கமும் சின்னக் குழாய்கள். கண் விழித்ததும் முதலில் சொன்னது, “நெஞ்சு மேல யாரோ உக்காந்திருக்காங்க அக்கா.” எல்லோரும் ஏறக்குறைய இதைத்தான் சொல்வார்கள். முதல் மூன்று நாள் வலி அதிகம். குழாயை எடுக்கும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார்கள். தலையணை உயர்த்தி மல்லாந்துதான் தூங்க வேண்டும். தோளுக்கு மேல் கை தூக்கக் கூடாது. அதனால் தலை சீவக்கூட ஆள் வேண்டும். பிள்ளையைத் தூக்கக் கூடாது. பத்தாம் நாள் தையல் பிரித்தபோது வீக்கத்தைப் பார்த்து, “இவ்வளவு பெருசா கேக்கலையே!” என்று அலறினாள். வீக்கம் வடிய வாரக்கணக்கில் ஆகும் என்றேன். அதை மட்டும் ஒழுங்காகச் சொன்னேன்.

அவள் அக்கா தன் பங்குக்குப் பந்தாங் வைத்தாள். இங்கே பிள்ளை பெற்றாலும் சரி, உடம்பில் கத்தி பட்டாலும் சரி, சாப்பிடக் கூடாதவை என்று ஒரு பட்டியல் உண்டு. இறால் ஆகாது, கத்தரிக்காய் ஆகாது, இறாலை இடித்துச் செய்யும் பிலாச்சான் ஆகாது. நாங்கள் அதில் தலையிடுவதில்லை. சாப்பிடாமல் இருந்தால் கெடுதல் இல்லை என்று விட்டுவிடுவோம்.

மூன்றாம் மாதம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றாள். நிமிர்ந்து நடந்தாள். டாக்டர் கூட, “வெரி நைஸ் லா,” என்றார். அப்புறம் வரவில்லை. நன்றாக இருக்கிறவர்கள் வருவதில்லை என்று நாங்களும் மறந்துவிட்டோம்.

4. ஃபைல்

நாலு வருடம் கழித்து ஒரு நாள் தனியாக வந்தாள். இடது தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் சட்டையைக் கழற்றச் சொன்னேன். வலது பக்கம் நாங்கள் விட்டபடியே இருந்தது. இடது பக்கம் மேலே ஏறி, உருண்டு, தொட்டால் டென்னிஸ் பந்து மாதிரி கெட்டியாக இருந்தது. டாக்டர் அன்றைக்குச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகத்துக்கு வந்தது.

“எத்தன நாளா இப்படி?”

“ரெண்டு வருஷமா. சின்னவ கட்டிப் பிடிக்கிறப்ப, ‘அம்மா, இந்தப் பக்கம் கல்லு மாதிரி இருக்கு’ங்குறா. அந்தப் பக்கம் சாஞ்சு படுக்க முடியல.”

“ரெண்டு வருஷமா ஏன் வரல?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நான்தான் என்னமோ தப்பு செஞ்சிட்டேன்னு நெனச்சேன். பந்தாங் முறிச்சிட்டேன்னு எங்க அக்கா சொன்னா. புண்ணு ஆறுறதுக்குள்ள ஒரு தடவ எறால் தின்னுட்டேன். பிள்ளையவும் தூக்கிட்டேன். நீங்கதான் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்களே. அப்புறமும் ஆச்சுன்னா, அது நான் செஞ்சதுதானே?”

டாக்டர் வந்து பார்த்தார். ஃபைலைப் புரட்டினார். விரலை அந்த வரியின் மேல் வைத்து, இதையெல்லாம் அன்றைக்கே சொன்னேனே, மறந்துவிட்டாளா என்று கேள் என்றார். சத்தமாகக் கூடச் சொல்லவில்லை.

‘மறந்துவிட்டாள் டாக்டர்’ என்று ஒரு வார்த்தை போதும். அவர் நம்பியிருப்பார். என் வேலையும் மானமும் தப்பியிருக்கும். பொய் சொல்லக் கூடாது என்கிற நல்ல புத்தியால் நான் அதைச் சொல்லாமல் விட்டேன் என்று பெருமை பேச மாட்டேன். இறால் தின்றதற்காக இரண்டு வருடம் தன்னையே திட்டிக்கொண்டிருந்தவள், இனி மறதிக்காகவும் தன்னைத் திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

“நீங்கள் சொன்னீர்கள் டாக்டர். நான்தான் சொல்லவில்லை,” என்றேன் இங்கிலீஷில். பிறகு வசந்தாவிடம் திரும்பித் தமிழில் அதையே சொன்னேன். “டாக்டர் அன்னைக்கே சொன்னாரு வசந்தா, இப்படி கெட்டியாகலாம்னு. நீ பயந்துடுவேன்னு நான் உன்கிட்ட சொல்லாம விட்டுட்டேன்.”

டாக்டர் பேனா மூடியைத் திருகித் திருகி மூடினார். முகம் சிவந்திருந்தது. “மிஸ்ஸி, ஐ சைன் மை நேம் அண்டர் யுவர் தமிழ்,” என்றார். உன் தமிழுக்குக் கீழேதான் நான் கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு மேல் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டு, “நவ் டெல் ஹெர். ஐ காட் டைம்,” என்றார்.

சொன்னேன். காகிதத்தில் படம் போட்டுச் சொன்னேன். இறாலும் காரணமில்லை, பிள்ளையைத் தூக்கியதும் காரணமில்லை, உன் உடம்பு செய்தது இது, உன் தப்பு இல்லை என்று சொன்னபோது வசந்தா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இனி இரண்டு வழி: சுருங்கிய தோலை எடுத்துப் புதுப் பை வைக்கலாம், ஆனால் அதுவும் இறுகலாம், அல்லது இரண்டு பக்கமும் எடுத்துவிடலாம், ஆனால் தோல் தொய்ந்து முன்பைவிடச் சப்பையாகத் தெரியும். எதையும் மறைக்கவில்லை. முடிக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது.

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “வாஹ், டுடே யுவர் தமிழ் வெரி லாங் ஆ, மிஸ்ஸி.” அவர் சிரிக்கவில்லை.

ஒரு வாரம் யோசித்துவிட்டு வசந்தா வந்தாள். பரீட்சையில் ஒப்பிப்பது போல எல்லாவற்றையும் டாக்டர் முன்னால் ஒன்றுவிடாமல் சொன்னாள். பிறகு, “ரெண்டையும் எடுத்துடுங்க,” என்றாள்.

தையல் பிரிக்கிற அன்று அறையில் நாங்கள் இருவர் மட்டும். கேட்காமல் இருக்க முடியவில்லை. “அன்னைக்கே நான் எல்லாத்தையும் சொல்லியிருந்தா, இத செஞ்சிருப்பியா வசந்தா?”

சட்டையின் கடைசிப் பொத்தானையும் போட்டு முடித்தாள். “தெரியல மிஸ்ஸி. அன்னைக்கு யாரும் என்னை யோசிக்க விடலையே.”

மிஸ்ஸி என்றுதான் சொன்னாள். அதன் பிறகும் அப்படியே.

5. அதற்குப் பிறகு

தொண்ணூறுகளின் பாதிவரை அந்தக் கிளினிக்கில் இருந்தேன். அந்த இங்கிலீஷ் படிவத்தை நானே தமிழில் எழுதி டாக்டரிடம் வரிவரியாகத் திருப்பிச் சொல்லிக் காட்டினேன். பேஷண்ட் தன் வாயால் எல்லாவற்றையும் சொல்லிக் காட்டும்வரை கையெழுத்து வாங்குவதில்லை. கூட வந்தவர்கள் வெளியே டீ குடிக்கப் போக வேண்டும். கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்கள் உண்டு. போகட்டும். இன்றைக்குப் பைகளும் மாறிவிட்டன, முறைகளும் மாறிவிட்டன. புது விவரத்தை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் யாராவது உங்களுக்கு மொழிபெயர்த்தால், டாக்டர் பேசிய நேரத்தையும் அவர் பேசும் நேரத்தையும் கவனியுங்கள்.

நான் வேலையை விடும் வாரத்தில் கெப்பாலா பத்தாஸிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். கைப்பை வாரை முறுக்கிக்கொண்டே கேட்டாள்.

“ஒண்ணும் ஆகாதுல்ல, மிஸ்ஸி?”

கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

“ஆகலாம்மா. என்னென்ன ஆகலாம்னு சொல்றேன். கொஞ்ச நேரம் பிடிக்கும்.”