டால் என்றால் நீ, ஹை என்றால் நீங்க

நான் ஒரு முட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சந்தோஷப்படும் வாய்ப்பைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

தபாலில் பி.ஏ. ஆங்கிலம் படித்தவன் நான். மற்றவர்கள் மூன்று வருடத்தில் முடிக்கும் படிப்பை அரியர்களின் உதவியோடு ஏழெட்டு வருடம் இழுத்தேன். ஆகவே மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆங்கிலம் தெரியும் என்று நம்பினேன். செங்கல்பட்டில் எங்கள் தெருவும் அதை நம்பியது. பேங்க்கிலிருந்து வரும் மெசேஜ், மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாள், எல்லாம் என்னிடம்தான் வரும். புரிந்ததைப் படித்துச் சொல்வேன். புரியாததை இன்னும் சத்தமாகப் படித்துச் சொல்வேன். யாருக்கும் எதுவும் ஆகிவிடவில்லை, என் நண்பன் ஒருவனைத் தவிர.

பள்ளிக்கூடத்திலிருந்தே அவன் எனக்குக் கூட்டாளி. ஆறடியைத் தாண்டிய ஆள், ஒல்லி. நானோ அவன் தோளுக்குக் கீழேயே முடிந்துபோய், மிச்ச வளர்த்தியைப் பக்கவாட்டில் எடுத்துக்கொண்டவன். நாங்கள் சேர்ந்து பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தால் "பத்து வருது பாரு" என்பார்கள். அவன் ஒன்று, நான் சைபர்.

அந்த உயரம்தான் அவனுக்குச் சோறு போட்டது. மாமல்லபுரத்தில் கடற்கரையை ஒட்டிய ஒரு ரிசார்ட்டில் வாசலில் நிற்கும் வேலை. ஜரிகைத் தலைப்பாகை, முறுக்கிய மீசை, கார் வந்தால் ஒரு சலாம். வெள்ளைக்காரர்கள் அவன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பக்கத்திலிருக்கும் சதுரங்கப்பட்டினத்துக் கோட்டை இடிந்துபோனதால் படம் எடுக்க உனக்குக் கிராக்கி ஏறிவிட்டது என்று நான் கிண்டல் செய்வேன்.

அவனுக்கு இருந்தது ஒரே ஆசை. அந்த கேட்டைத் தாண்டி உள்ளே போய்விட வேண்டும். வெயில் ஒரு காரணம். இன்னொரு காரணத்தை ஒருமுறைதான் சொன்னான். அவன் மகள் அப்போது சின்ன வகுப்பு. ஸ்கூலில் மாமல்லபுரத்துக்கு டூர் கூட்டிப் போன வேன் ரிசார்ட் வாசலைக் கடந்தபோது, தலைப்பாகையோடு இவன் நின்றதைப் பார்த்த பிள்ளைகள், "உங்கப்பா ராஜாவா?" என்று கேட்டார்களாம். ஆமாம் என்று சொல்லியிருக்கிறாள். அதை மட்டும் அவனால் தாங்க முடியவில்லை.

மேனேஜர் ஒருநாள் வழி காட்டினார். கெஸ்ட்டுகளை ஊருக்குள் கூட்டிப் போய்ச் சுற்றிக் காட்டு, ஒரு மாதம் பார்க்கிறேன், இங்கிலீஷ் ஒழுங்காக வந்தால் உள்ளேயே இருந்துவிடு என்றார். தலைப்பாகைக்குப் பதில் வெள்ளைச் சட்டை, நெஞ்சில் பெயர் எழுதிய பட்டை. அன்று சாயங்காலமே கொளவாய் ஏரிப் பக்கமுள்ள டீக்கடைக்கு என்னைத் தேடி வந்துவிட்டான். நிறையச் சந்தேகங்கள் வைத்திருந்தான். பலவற்றுக்குச் சரியாகவே பதில் சொன்னேன் என்று இன்றும் நினைக்கிறேன். பிறகு இதைக் கேட்டான்.

"மச்சான், உயரத்துக்கு டால், ஹைனு ரெண்டு கீது. எதை எங்க போடறது?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான்கெழுத்து வார்த்தைதான். ஆனால் ஏழெட்டு வருடப் படிப்பு கண் முன்னால் வந்து நின்றது. தமிழில் ஒரே ஆளை வா என்கிறோம், வாங்க என்கிறோம். அவ்வளவு நாகரிகமான வெள்ளைக்காரன் மரியாதைக்கு ஒரு வழி வைக்காமலா இருப்பான்? இந்த இரண்டு வார்த்தைக்குள்தான் ஒளித்து வைத்திருக்கிறான் என்று அந்த நிமிஷமே முடிவுகட்டினேன்.

"டால்னா நீ. ஹைனா நீங்க."

அவன் டீயை ஆற்றுவதை நிறுத்தினான். கெஸ்ட்டுகள் தன்னை எப்போதும் டால் என்றுதான் சொல்கிறார்கள் என்றான்.

"நீ கேட்ல நிக்கறவன். உன்னை வேற எப்படிச் சொல்லுவான்? ராஜாவை ஹைனெஸ்ங்கறான். டால்னெஸ்னு எவனாவது சொல்லிக் கேட்டுகீறியா?"

அவன் என்னைப் பார்த்த பார்வையில் அப்படியொரு மரியாதை. என்னை விடக் குட்டையானவன் பார்த்திருந்தால்கூட அவ்வளவு அண்ணாந்து பார்த்திருக்க முடியாது. டீக்கு அவன்தான் காசு கொடுத்தான்.

பிறகு நடந்ததை அவனே சொன்னான், செங்கல்பட்டு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து. வெள்ளைக்காரப் புருஷன் பெண்டாட்டி இருவரை லைட் ஹவுசுக்குக் கூட்டிப் போயிருக்கிறான். புருஷன் இவனை விட வளர்ந்தவர். மேலே பால்கனிக்கு வெளியே போகிற வாசல் ரொம்பச் சின்னது. நான்கூடக் குனிந்துதான் போவேன். அவர் தலை இடித்துவிடுமே என்று இவனுக்குப் பதைப்பு.

"சார், யூ ஆர் வெரி ஹை" என்றிருக்கிறான்.

அந்தம்மா நின்றுவிட்டார். தனக்கு மரியாதை கொடுக்கவில்லை என்று வருத்தப்படுகிறாரோ என்று நினைத்து, "மேடம் ஆல்சோ ஹை, லிட்டில் ஹை" என்று சேர்த்துக்கொண்டான்.

ஒரு ஆளைப் பார்த்து ஹை என்றால் போதையில் இருக்கிறான் என்று அர்த்தமாம். மேனேஜர் திட்டியதில் அவன் தெரிந்துகொண்டு சொல்லித்தான் அது எனக்கே தெரியும். அந்த மனிதர் குடியை விட்டுவிட்டு, பெண்டாட்டியைச் சமாதானப்படுத்த ஊர் சுற்றக் கூட்டி வந்தவராம். அந்தம்மா அவர் முகத்துக்குக் கிட்டே போய் மோந்து பார்த்தாராம். பிறகு இருவரும் கடலைப் பார்க்காமலே படி இறங்கியிருக்கிறார்கள். இவனும் பின்னாலேயே.

மேனேஜர் கூப்பிட்டு, என்ன சொன்னாய் என்று கேட்டதற்கு, சார் வெரி ஹை என்று அங்கேயும் மரியாதை குறையாமல் சொல்லியிருக்கிறான். யார் சொல்லிக் கொடுத்த இங்கிலீஷ் இது என்று அவர் கத்தியபோது, நானே கத்துக்கிட்டேன் சார் என்றானாம். மறுநாள் காலை தலைப்பாகை திரும்பி வந்துவிட்டது.

இதைக் கேட்டு நான் சிரித்தேன். லேசாக இல்லை; பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. லிட்டில் ஹை என்று நானே ஒருமுறை சொல்லிப் பார்த்து மறுபடி சிரித்தேன். நான் முடிக்கும்வரை அவன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப டால்தானா மச்சான்?" என்றான்.

ஆமாம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்.

அத்தோடு வாயை மூடியிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது. அப்போது சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டி ஒரு கம்பெனியில் எனக்கு ஸ்டோர் கிளார்க் வேலை. கம்பெனி பஸ்சில் இந்தக் கதையைச் சொன்னேன். பஸ்சே குலுங்கிற்று. அப்புறம் விடுவேனா? வாரத்துக்கு ஒருமுறை சொன்னேன். அவன் குரலில், அந்தம்மா குரலில், மேனேஜர் குரலில் நடித்துக் காட்டினேன். என் பாத்திரத்தை மட்டும் கதையிலிருந்து எடுத்துவிட்டேன். அந்த பஸ்சில் அவன் தெருக்காரர் ஒருவரும் வந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

தெருவில் அவனுக்கு 'ஹை' என்று பெயர் விழுந்துவிட்டது. பையன்கள் ஹை அண்ணாத்த என்றார்கள். அவன் அதற்கும் சிரித்துக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டேன். கொஞ்ச நாளில் மகளை 'ஹை பொண்ணு' என்றார்கள். அவள் ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்று அழுததற்குப் பிறகு அவன் ரிசார்ட் வேலையையும் அந்தத் தெருவையும் சேர்த்தே விட்டுவிட்டான். எங்கே போனான் என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் யாராவது சொல்லிவிடுவார்கள்.

போன மாதம் கூடுவாஞ்சேரியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் என் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போனேன். கேட்டைத் திறந்தவன் அவன். தலைப்பாகை இல்லை, மீசை நரைத்திருந்தது. செக்யூரிட்டி கம்பெனி கொடுத்த பேன்ட் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. அவன் அளவுக்கு யாரும் தைத்து வைத்திருக்க மாட்டார்கள்.

இளைத்துவிட்டாய் மச்சான் என்று என்னைப் பார்த்துப் பொய் சொன்னான். பிளாஸ்டிக் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு அவன் நின்றான். மகள் பிளஸ் டூ படிக்கிறாள் என்றான். பழையதை அவனும் எடுக்கவில்லை. மன்னித்துக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வார்த்தை வந்தால் அதற்கும் ஒரு வேஷம் போட்டுவிடுவேனோ என்று பயம். ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது. அதனால், "ஞாயித்துக்கிழமைல நான் வந்து பாப்பாவுக்கு இங்கிலீஷ் சொல்லித் தரட்டா?" என்று கேட்டேன்.

வெளியே ஒரு கார் ஹாரன் அடித்தது. போய் கேட்டைத் திறந்தான். கார் உள்ளே போனதும் மூடி, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு மெதுவாகத் திரும்பி வந்தான்.

"வேணாம் மச்சான், அது நல்லா படிச்சினுகீது."