கொடிகாமத்தில் ஒருவரும் தேடாத சொல்

பண்டத்தரிப்பு ஆரபிக்கு, இணையத்தில் சனம் என்ன தேடுகிறது என்று பார்த்துச் சொல்வதுதான் தொழில். கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே சில வருஷம் அதைச் செய்துவிட்டு, பிறகு தனியாகத் தொடங்கினாள். ஒரு சொல்லை மாதம் எத்தனை பேர் தேடுவார்கள் என்று மதிப்பிட்டுக் காட்டும் மென்பொருள் ஒன்று அவளிடம் இருந்தது. அது சொன்னதை அவள் அப்படியே நம்பினாள்.

கொடிகாமத்தில் காது பரிசோதனை நிலையம் நடத்தும் குணலட்சுமி, தன் இணையத்தளத்தைத் திருத்தித் தரும்படி கேட்டிருந்தாள். காது கேட்கும் கருவிக்குச் சனம் சொல்லும் ‘காது மெஷின்’ என்ற சொல்லை ஆரபி போட்டுப் பார்த்தாள். எண் வர வேண்டிய இடத்தில் வெறும் கோடு. ஆங்கிலச் சொல்லுக்குப் பெரிய எண் வந்தது; அது முழு இலங்கைக்குமானது. யாழ்ப்பாணம் என்று சேர்த்ததும் அதுவும் கோடாகிப் போனது. இதற்கெல்லாம் தனிப் பக்கம் எழுதி மினக்கெட வேண்டாம் என்று சொன்னாள்.

குணலட்சுமி கோபிக்கவில்லை. “அப்ப இஞ்சை வாற சனம் என்னை எப்பிடிக் கண்டுபிடிச்சு வருதுகள்?” என்று மட்டும் கேட்டாள்.

அதை அறிய ஆரபி மறுகிழமை ஒரு காலையில் நிலையத்துக்கே போய், வந்தவர்களோடு வாங்கில் உட்கார்ந்தாள். பக்கத்தில் தொண்டைமானாற்றுக் கந்தப்பு. கடலட்டை பிடிக்கக் கடலடிக்குச் சுழியோடியே காது கேளாமற் போனவர். நிலையத்தை எப்படித் தேடிப் பிடித்தீர்கள் என்று கேட்டாள். அவருக்கு விளங்கவில்லை. மனைவி தங்கமுத்துதான் சொன்னாள்:

“நாங்கள் எங்கை பிள்ளை தேடினது? மகள் கனடாவிலை இருந்து தேடிப் பாத்துத்தான் எங்களை இஞ்சை அனுப்பினவள்.”

பஸ்ஸில் திரும்பும்போது ஆரபியின் மனம் அதிலேயே நின்றது. எந்த நாட்டில் தேடுபவர்கள் என்று மென்பொருள் ஒவ்வொரு முறையும் கேட்கும். அவள் ஒவ்வொரு முறையும் இலங்கை என்றே கொடுத்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் கனடா என்று மாற்றினாள். எண் வந்தது, மிகச் சின்னதாக. தளத்துக்கு உண்மையில் வந்துபோனவர்களின் கணக்கைக் குணலட்சுமியிடம் வாங்கிப் பார்த்தாள். பாதிக்கு மேல் ரொறன்ரோவும் லண்டனும். கோடு என்றால் ஒருவரும் இல்லை என்பதல்ல, தனக்குத் தெரியாது என்றுதான் மென்பொருள் சொல்லியிருக்கிறது. இதற்கு முன் எத்தனை பேரை இப்படி வேண்டாம் என்று தடுத்திருப்பேன் என்ற நினைப்பு அவளை உறுத்தியது.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளை நினைத்தே புதுப் பக்கத்தை எழுதினாள். கூட்டிவர ஆளில்லாத வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தானே போய்ப் பார்ப்பதாகக் குணலட்சுமி ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அழைப்புகள் வரத் தொடங்கின. குணலட்சுமிக்கு ஞாயிறே இல்லாமற் போனது. ஜெசிதா என்ற பெண்ணை உதவிக்கு எடுத்துக்கொண்டாள்.

இப்போது ஆரபி எண்ணைச் சொல்வதற்கு முன், உங்களிடம் வருபவர்களுக்காக யார் தேடுகிறார்கள், எங்கேயிருந்து தேடுகிறார்கள் என்று கேட்கிறாள். சிலருக்கு அது பிடிப்பதில்லை. சுன்னாகத்துக் கடைக்காரர் ஒருவர், “எண்ணை மட்டும் சொல்லுங்கோ, அது காணும்” என்றார். அவள் எண்ணைச் சொன்னாள். அது மதிப்பீடுதான் என்பதையும் சொன்னாள். அவர் வேறு ஆளிடம் போய்விட்டார்.