தறிக்குழிப் பூனைக்கு ஐந்து நாளாய்ப் போகவில்லை

கால்நடை மருத்துவம் என்பது வாய் பேசாத நோயாளியையும் வாய் மூடாத உறவினர்களையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்கிற தொழில். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக் கடைகளுக்குப் பின்னால் சின்னதாக ஓர் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறேன். ஊசியும் தையலும்தான் என் வேலை என்று வெளியே நினைக்கிறார்கள். உண்மையில் பாதி நாள் "போச்சா?" என்று கேட்பதிலேயே கழிகிறது. பூனை வளர்க்கிற புண்ணியவான்களே, காலையில் காபிகூடக் குடிக்காமல் மணல் தட்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒரே ஓர் உருண்டையாவது கண்ணில் படாதா என்று கிளறிப் பார்த்தவர்களா நீங்கள்? அப்படியென்றால் இதைப் படித்துச் சிரிக்க மாட்டீர்கள். தலையை ஆட்டுவீர்கள்.

கடைசியாக எப்போது?

இந்தக் கேள்வியைக் கேட்டாலே பெரிய மனிதர்களுக்கும் வெட்கம் வந்துவிடும். அந்தப் புதன்கிழமை நெசவாளி செல்வராஜும் அவர் மனைவி தேவகியும் பிளாஸ்டிக் கூடையில் ஒரு பெண் பூனையோடு வந்தார்கள். முகம் சரிபாதி கறுப்பு, சரிபாதி செம்பட்டை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாகச் சேர்த்து நெய்கிற புடவைக்குக் கோர்வை என்று பெயர். பூனைக்கும் அதையே வைத்துவிட்டார்கள். செல்வராஜ் காலைத் தொங்கப்போட்டு நெய்கிற தறிக்குழிக்குள், அவர் பாதத்தில் தலை வைத்துத்தான் அது தூங்குமாம்.

"கடைசியா எப்போ போச்சு?" என்றேன். செல்வராஜ் கூரையைப் பார்த்தார், விரல் மடக்கினார், யோசித்தார். "உடல் முடியறப்போ போச்சு டாக்டர்மா. இப்போ முந்தியில பாதிக்கு வந்துட்டேன், இன்னும் போவல" என்றார். நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன். முந்தியில் பாதி என்பதை நோட்டில் எப்படி எழுதுவது? தேவகி அவர் பக்கம் திரும்பாமலே என்னிடம் சொன்னார்: "மூணு நாள்னு சொல்லச் சொல்லுங்க டாக்டர். நீங்க இன்னா புடவையா எடுக்க வந்திருக்கீங்க?"

நாக்குக்கு அடியில்

பூனையின் வயிற்றைத் தடவினேன். பெருங்குடல் நெடுக உருண்டை உருண்டையாகக் கல் மாதிரி இருந்தது. நெசவாளி வீட்டுப் பூனை என்றால் எனக்கு முதலில் வருகிற பயமே நூல்தான். பூனை நூலை விழுங்கினால் சில சமயம் ஒரு முனை நாக்குக்கு அடியில் மாட்டிக்கொள்ளும், மறுமுனை குடலுக்குள் இறங்கிவிடும். அதனால் வாயைத் திறக்கச் சொன்னேன். திறந்தது உதவிக்கு நிற்கிற ரோஸி அக்கா. கடி வாங்கியதும் அவர்தான். நாக்குக்கு அடியில் ஒன்றும் இல்லை. "நூல் கீல் தின்னுச்சா?" என்று கேட்டேன். "இல்லவே இல்ல" என்றார் செல்வராஜ். தேவகி சுவரைப் பார்த்தார். வாந்தி இல்லை, சாப்பாடும் கொஞ்சம் இறங்குகிறது என்றார்கள். தோலுக்கு அடியில் சலைன் ஏற்றி, இளக்குகிற சிரப் எழுதிக் கொடுத்து, ஒரு தடவை வாந்தி எடுத்தாலும் ஓடி வாருங்கள் என்று அனுப்பினேன்.

ஐந்து நிமிடம் கழித்து, மறந்துவிட்ட கூடை மூடியை எடுக்கத் தேவகி மட்டும் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்தினார். கண் நிறைந்திருந்தது. அறுந்த நூலைக் குழிக்குள்ளே போடாதே போடாதே என்று வருஷக்கணக்காகச் சொல்லியும் புருஷன் கேட்கவில்லையாம், பூனை அதைத்தான் தின்றிருக்குமாம். கண்ணால் பார்த்தீர்களா என்றேன்; இல்லை, சந்தேகம்தான் என்றார். "கோர்வை நெய்யறதுக்கு ரெண்டு பேர் வேணும் டாக்டர், அதனால பக்கத்துல உக்காந்து கரைக்கு நாடா தள்ளிக்கினு இருக்கேன். ஆனா மூணு நாளா வாய தொறக்கல. இதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, அப்புறம் எப்பவும் தொறக்க மாட்டேன்."

கோயில் இட்லி

பூனைக்கு மலச்சிக்கல் என்று தெரு முழுக்கத் தெரிந்துவிட்டால் மருந்துக்குப் பஞ்சமே இல்லை. விளக்கெண்ணெய், வாழைப்பழம், வெந்நீரில் கரைத்த வெல்லம். எண்ணெயை வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விட்டால் வேறு வினை என்று நான் போனில் கத்திக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை தேவகி கூப்பிட்டார். யாரோ கோயில் இட்லி கொடுக்கச் சொன்னார்களாம். அதில் சுக்கும் சீரகமும் இருக்கிறதே, மனுஷனுக்கு இளகும்போது பூனைக்கு இளகாதா என்றார்களாம்.

மிளகும் இருக்கிறதே அம்மா, கொடுத்துவிட்டீர்களா என்று நான் பதறினேன். கொடுத்தேனே என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எவ்வளவு தின்றது, வாந்தி உண்டா, இப்போது எப்படி இருக்கிறது என்று மூச்சு விடாமல் கேட்டேன். பதில் நிதானமாக வந்தது: "அது மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு டாக்டர். வீணாவுதேன்னு அவரு தின்னாரு. அவருக்கு நல்லா போச்சு."

தப்பான கதவு

அன்று சாயங்காலமே முசரவாக்கத்திலிருந்து ஒரு விவசாயி கடுவன் பூனையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். "ரெண்டு நாளா முக்கிக்கினே இருக்குது, போவ மாட்டேங்குது" என்றார். வயிற்றைத் தொட்டதுமே எனக்கு வியர்த்துவிட்டது. குடல் காலி. மூத்திரப்பைதான் எலுமிச்சம்பழம் மாதிரி இறுகிக் கிடந்தது. கடுவனுக்கு மூத்திரம் அடைத்தாலும் இப்படித்தான் தட்டில் உட்கார்ந்து முக்கும். பார்க்கிறவர்கள் மலச்சிக்கல் என்று நினைத்துக்கொள்வார்கள். இன்னொரு நாள் விட்டிருந்தால் பூனை மிஞ்சாது.

மயக்கம் கொடுத்து மெல்லிய குழாயை உள்ளே விட்டேன். ஒரு கணம் ஒன்றும் இல்லை. அப்புறம் சொட்டு, சொட்டு, பிறகு பீய்ச்சியடித்தது பாருங்கள்! ரோஸி அக்கா கை தட்டினார், என் கோட்டு நனைந்தது, யாருக்கும் கவலை இல்லை. அந்த மனிதர் பூனைக்கு இளகட்டும் என்று கொண்டுவந்திருந்த வாழைப்பழச் சீப்பை என் மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு நாளா தப்பான கதவத் தட்டிக்கினு இருந்திருக்கேனே டாக்டர்மா!"

இழுக்காதீங்க!

வெள்ளிக்கிழமை காலை, ஐந்தாவது நாள். தேவகியின் போன். "டாக்டர், வாலுக்குக் கீழ நூலு தெரியுது! அவரு இழுக்கப் போறாரு!"

நான் போட்ட சத்தத்தில் வெளியே ஆட்டோ நின்றிருக்கும். இழுக்காதீங்க, தொடாதீங்க! பின்னால் செல்வராஜின் குரல் கேட்டது: "நான் இழையிலயே பொறந்து வளந்தவன் டாக்டர்மா. எம்மாம் இழுத்தா வரும்னு என் கைக்குத் தெரியும்." தெரியும்தான். துணியில் ஓர் இழை தூக்கிக்கொண்டு நின்றால் நெசவாளியின் விரல் அதைச் சும்மா விடாது. ஆனால் இந்த இழையின் மறுமுனை குடலுக்குள் எங்கே மாட்டியிருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "பட்டு நூலை வெடுக்குனு இழுத்தா உங்க விரலையே அறுக்குமே, அது குடல அறுக்காதா?" என்றேன். காய்த்துப்போன தன் விரல்களை அவர் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

பத்தே நிமிடத்தில் ஆட்டோ வாசலில் வந்து நின்றது. கூடையோடு தேவகி இறங்க, இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி செல்வராஜ் பின்னாலேயே இறங்கினார். தேவகி சொன்னார்: "ஆட்டோல வரும்போதும் விரலு அங்கியே போவுது டாக்டர். அதான் கைய என் முந்தானையில கட்டி இட்டுக்கினு வந்துட்டேன்."

மயில்கழுத்து

நூலை இழுக்காமல் அளவாகக் கத்தரித்துவிட்டேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் குடல் சுருங்கிக் கோத்துக்கொள்ளவில்லை. நூல் பெருங்குடல் வரை வந்து, காய்ந்த மலத்தோடு பின்னிக்கொண்டு நிற்கிறது. இன்று நகர்ந்தால் தப்பித்தோம், நகராவிட்டால் சென்னைக்குக் கொண்டுபோய் வயிற்றைக் கிழிக்க வேண்டும் என்று உள்ளதைச் சொன்னேன். தேவகி பெஞ்சின் ஒரு முனை, செல்வராஜ் மறுமுனை. லேசாக மயக்கி, வெதுவெதுப்பான சலைனைப் பின்பக்கமாக மெல்ல மெல்ல ஏற்றினேன்.

அரைமணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. மயக்கம் தெளிந்த கோர்வை எழுந்து தள்ளாடித் தட்டில் உட்கார்ந்தது. நாங்கள் நாலு பேரும் தட்டைச் சுற்றிக் குந்தினோம். வந்தது! ஒன்று, இரண்டு, மூன்று, அப்புறம் நூலோடு ஒரு பெரிய கட்டி! "போச்சு, போச்சு!" என்று ரோஸி அக்கா கத்த, வாசலில் கோழியோடு காத்திருந்தவர்கூட உள்ளே எட்டிப் பார்த்துக் கும்பிட்டார். நான் தேவகியைக் கட்டிக்கொண்டேன். அவர் அழுதார். நானும்தான்.

செல்வராஜ் கையுறைகூடக் கேட்கவில்லை. நூலைத் தண்ணீரில் அலசி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தார். மயில்கழுத்து நிறம். நல்ல முறுக்கு. முகம் மாறியது. அவர் தறியில் அந்த வாரம் ஓடுவது அரக்கும் பச்சையும். தறியில் போடுகிற இழை இவ்வளவு முறுக்காகவும் இருக்காது. புடவை முந்தியில் குச்சம் கட்டுகிற நூல்தான் இப்படி இருக்கும். தெருவில் குச்சம் கட்டித் தருவது யார்? தேவகிதான். செல்வராஜ் நூலைச் சுருட்டினார். "யாரு வீட்டு நூலோ, தெரியல டாக்டர்மா" என்றார். இழையைத் தொட்டே தறி எதுவென்று சொல்கிற ஆள்!

"பொய் சொல்லாதீங்க" என்றார் தேவகி. ஐந்து நாளில் அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான். "அது என் குச்சக் கூடை நூலு. நான்தான் மூடாம வெச்சிருக்கேன். உங்கள அஞ்சு நாளா..." ரோஸி அக்கா தட்டைத் தூக்கிக்கொண்டு மரியாதையாக நகர்ந்தார். செல்வராஜ் மனைவியைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார், அப்புறம் தன் கையைப் பார்த்தார். "அதையெல்லாம் வூட்ல போயி பேசிக்கலாம் தேவகி. மொதல்ல எனக்குக் கை கழுவணும்."

அன்றிலிருந்து பூனையைக் கொண்டுவருகிறவர்களிடம் எத்தனை நாளாகப் போகவில்லை என்று கேட்கிற கையோடு, வீட்டில் எத்தனை நாளாகப் பேச்சு இல்லை என்றும் கேட்டுவிடுகிறேன்; இரண்டாவது கேள்விக்குத்தான் யோசிக்காமல் சரியான கணக்குச் சொல்கிறார்கள்.