மாமா டிவியில் தெரிந்த நாள்

என் மாமா கால்பந்து ஆடித்தான் சம்பளம் வாங்கினார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் இதைச் சொன்னால் யாரும் லேசில் நம்பமாட்டார்கள். "அது சரி, வேலைக்கு எங்க போறாரு?" என்றுதான் அடுத்த கேள்வி வரும். கோவாவில் ஒரு கிளப்பில் டிஃபெண்டராக ஆடுகிறார், மாதம் பிறந்தால் பேங்கில் பணம் விழுகிறது என்று அம்மா பொறுமையாக விளக்குவாள். அம்மாவுக்கு ஒரே தம்பி அவர். அவர்களைப் பெற்றவர்கள் முன்பே போய்விட்டதால் அவரை வளர்த்ததும், பதினான்கு வயதில் விளையாட்டு விடுதிக்குப் பெட்டி கட்டி அனுப்பியதும் அம்மாதான். பெண் தேடும் வேலையும் அம்மாவின் தலையில்தான் விழுந்தது.

அங்கேதான் சிக்கல். ஜாதகம் பொருந்தும், போட்டோ பிடிக்கும், "பையன் என்ன பண்றாரு" என்ற இடத்துக்கு வந்ததும் எல்லாம் நின்றுவிடும். நான் நான்காம் வகுப்புக்குப் போவதற்குள் ஏழு இடம் தட்டிப் போயிருந்தது. எட்டாவதாக வந்தது சிதம்பரம். பெண் கீரப்பாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்றார் தரகர். என்ன பாடம் என்று கேட்க எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. மாமாவுக்கு லீவு கிடைக்காததால் அம்மாவும் அப்பாவும் மட்டும் போய்ப் பார்த்தார்கள். அம்மாவுக்குப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது. பெண்ணின் அப்பா உரக்கடை வைத்திருந்தவர், நிதானமான மனிதர். "பந்தாடறதெல்லாம் ஒரு வேலயாங்க? எதுக்கும் நான் ஒருநாள் வந்து வீட்ட பாத்துட்டு சொல்றேன்" என்று சொல்லியிருந்தார். வீடு பார்ப்பது என்றால் சுவரைப் பார்ப்பதல்ல, ஆட்களைப் பார்ப்பது. இதுவும் போனால் இனி எந்த வீட்டுப் படியும் ஏறப்போவதில்லை என்று அம்மா அழுதுகொண்டே சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அழுது முடித்ததும் அம்மா ஒரு திட்டம் போட்டாள். மாமாவின் ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை டிவியில் வருவதாக இருந்தது. அன்றைக்கே பெண்ணின் அப்பாவை வரச் சொல்வது. மாப்பிள்ளையை டிவியிலேயே காட்டிவிட்டால் அப்புறம் அது வேலையா என்று கேட்கமாட்டார் அல்லவா?

திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. மாமா டிவியில் தெரியமாட்டார். அதற்கு முன் அவருடைய ஆட்டம் ஒன்றே ஒன்றுதான் டிவியில் வந்திருந்தது. கேமரா பந்தின் பின்னாலேயே ஓடியது. மாமாவின் வேலையோ பந்து வரக்கூடாத இடத்தில் நிற்பது. கால்மணி நேரம் தேடியதில் ஒரு முழங்கை தெரிந்தது. அது தன் தம்பியுடையதுதான் என்று அம்மா சத்தியம் செய்தாள். அதோடு கரண்ட் போய்விட்டது.

அதனால் நான் ரகசியமாக மாமாவுக்குப் போன் போட்டேன்.

"மாமா, நீ டிவியில தெரியவே மாட்டேங்குற."

"நான் தெரியலன்னாதான்டி நல்லா ஆடறேன்னு அர்த்தம்."

"இந்த ஞாயித்துக்கெழம மட்டும் தெரியணும். பொண்ணு வீட்ல வராங்க. தெரியற மாதிரி ஏதாவது பண்ணு."

மாமா சிரித்துவிட்டு, "சரி, பாப்போம்" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பண்ருட்டியிலிருந்து வரவழைத்த முந்திரியை அம்மா தாராளமாகக் கொட்டியதில் கேசரிக்குள் கேசரியைத் தேடவேண்டியிருந்தது. கண் பட்டுவிடும் என்று அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் கால்பந்து தெரிந்தவர்கள் நாலு பேராவது இருந்தார்கள், அவர்களும் வரவில்லை என்பதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று வெற்றிலை, பாக்கு, தேங்காய், பூ, மஞ்சள், குங்குமம் எல்லாம் வைத்த தாம்பாளம் ஒன்றை டிவிக்குப் பக்கத்திலேயே அம்மா தயாராக வைத்திருந்தாள். தீபாவளிக்கு வாங்கி மழையில் வெடிக்காமல் போன சரவெடியை நானும் எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வைத்திருந்தேன்.

பெண்ணின் அப்பா தனியாகத்தான் வந்தார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, காபியைப் பாதி குடித்து வைத்தார். வர்ணனை இங்கிலீஷில் ஓட, அப்பா சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தானே விளக்க ஆரம்பித்தார். அப்பா கலெக்டர் ஆபீசில் கிளார்க். அவருக்குத் தெரிந்தது கிரிக்கெட் மட்டும்தான். ஆனால் தெரியாது என்று சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

பாதி ஆட்டம் வரை மாமாவைக் காணவில்லை. மாமாவின் அணி ஒரு கோல் போட்டது, அதையும் வேறு யாரோ போட்டார். பெண்ணின் அப்பா இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். அம்மாவின் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எதிரணி ஆள் ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டான். விசில் சத்தம் கேட்டது. ரெஃப்ரி ஓடிவந்து மஞ்சள் அட்டை ஒன்றை எடுத்து உயர்த்தினார். டிவி முழுக்க மாமாவின் முகம்! மூக்கு, மீசை, நெற்றி வேர்வை எல்லாம் தெரிந்தது. அதையே திரும்பத் திரும்ப மூன்று முறை காட்டினார்கள். நான் துள்ளிக் குதித்தேன்.

"மஞ்ச கார்டு குடுத்துட்டாங்க! எல்லாருக்கும் குடுக்க மாட்டாங்க" என்றார் அப்பா.

"அவரு என்னமோ எழுதறாரே?" என்று பெண்ணின் அப்பா முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"பேர எழுதிக்கிறாரு. எங்க ஆபீஸ்ல சர்வீஸ் ரிஜிஸ்டர்ல ஏத்தற மாதிரி. ரெகார்டு ஆயிடும்."

பெண்ணின் அப்பா மீதிக் காபியையும் குடித்தார்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எதிரணியில் ஒருவன் பந்தோடு தனியாகப் பிய்த்துக்கொண்டு ஓடினான். அவனுக்கு முன்னால் கோல்கீப்பர் மட்டும்தான். பின்னாலிருந்து பாய்ந்து வந்த மாமா அவன் சட்டையை எட்டிப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் விழுந்தார்கள். ரெஃப்ரி மறுபடியும் மஞ்சளை உயர்த்தினார். அதைப் பைக்குள் போட்டுவிட்டுச் சிவப்பு அட்டையையும் உயர்த்தினார்.

அம்மா டிவியையும் தாம்பாளத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மஞ்சளும் குங்குமமும் அடுத்தடுத்து காட்டிட்டாங்களே! இதுக்கு மேல என்னங்க சகுனம் வேணும்?"

மாமா தலையைக் குனிந்தபடி மைதானத்தை விட்டு வெளியே நடந்தார். அப்பா ஒரு நொடிதான் திணறினார். "நல்லா ஆடுனவங்கள சீக்கிரமே பர்மிஷன் குடுத்து அனுப்பிடுவாங்க" என்றார். "இவ்ளோ பெரும கெடைச்சும் தல நிமிராம போறான் பாருங்க, சின்ன வயசுலேர்ந்தே அடக்கம் ஜாஸ்தி" என்றாள் அம்மா. நான் கை தட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், பெண்ணின் அப்பாவும் தட்டினார்.

அப்போது அவருடைய போன் அடித்தது. வாசல்பக்கம் போய்ப் பேசினார். "ம்... அப்படியா... அப்போ வேணாம்னு சொல்லிடட்டுமா?... ம்... ம்..." என்று மட்டும் எங்கள் காதில் விழுந்தது. வாசலில் நின்றபடியே எங்களை ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார். அம்மா கேசரிக் கரண்டியோடு அப்படியே நின்றாள். "முடிஞ்சுதுடி" என்று என் காதில் சொன்னாள்.

அவர் உள்ளே வந்து உட்காரவும் ஆட்டம் முடியவும் சரியாக இருந்தது. மாமாவின் அணி ஜெயித்திருந்தது. அவர் டிவியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், திடீரென்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

"தட்ட எடுங்கம்மா. மாத்திக்கலாம்."

அம்மா அழுதாள், சிரித்தாள், கேசரியை அவர் தட்டில் மூன்று முறை வைத்தாள். தாம்பாளம் மாற்றியதும் நான் சரவெடியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஊதுவத்தியைக் கொளுத்தி என் கையில் கொடுத்ததே அவர்தான். ஈரத்தில் பாதிதான் வெடித்தது. வெடித்த வரைக்கும் அமர்க்களமாக இருந்தது.

போனில் பேசியது சிதம்பரத்தில் அதே ஆட்டத்தை டிவியில் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண், பிற்பாடு எனக்கு அத்தையானவர். அவர் கீரப்பாளையத்தில் சொல்லிக்கொடுத்தது கணக்கோ அறிவியலோ இல்லை, விளையாட்டு. கல்லூரி அணியில் கோல்கீப்பராக இருந்தவர். அன்று அவர் தன் அப்பாவிடம் என்ன சொன்னார் என்பதை நான் பத்தாவது படிக்கும்போதுதான் சொன்னார். "அப்பா, அது பரிசு இல்ல. முரட்டுத்தனமா ஆடுனதுக்கு மஞ்ச கார்டு. ரெண்டாவது தடவயும் வாங்குனா செவப்ப காட்டி வெளிய தொரத்திடுவாங்க. அவுங்களுக்குத் தெரியலன்னா நீங்களும் சொல்லாதீங்க, பாவம், சந்தோஷமா இருக்காங்க. ஆனா வேணாம்னு சொல்லிடாதீங்க. தன்ன வெளிய அனுப்புவாங்கன்னு தெரிஞ்சேதான் அந்த சட்டைய புடிச்சாரு. புடிக்கலன்னா கோலு. பின்னாடி தனியா நிக்கிற கீப்பருக்குத்தான்ப்பா அது புரியும்."

அன்றைக்கு இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் மாமாவைச் சேர்க்கவில்லை. நன்றாக ஆடியதற்கு லீவு கொடுத்திருக்கிறார்கள் என்றார் அப்பா. அன்றே சிதம்பரத்தில் நிச்சயதார்த்தம் வைத்தார்கள். மாமா ஊருக்கு வந்ததும் நான் அவர் தோளைப் பிடித்துத் தொங்கி, "நான் கேட்டேன்னு ரெண்டு கலரும் வாங்குன இல்ல மாமா? நாங்க வெடியெல்லாம் வெடிச்சோம்" என்றேன். மாமாவின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. பக்கத்தில் பட்டுப்புடவை மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார். "ஆமாண்டி, உனக்காகத்தான் வாங்குனேன்" என்றார்.

சிதம்பரத்தில் பெண்ணை அழைத்து வந்தார்கள். மஞ்சள் புடவை, சிவப்பு ரவிக்கை. மாமா மரியாதைக்கு எழுந்து நின்றார். புடவையைப் பார்த்தார், ரவிக்கையைப் பார்த்தார், அவர் காது இரண்டும் சிவந்துவிட்டன. காபித் தட்டை நீட்டியபடி அந்தப் பெண் மெல்ல, "உக்காருங்க. இங்க யாரும் வெளிய அனுப்ப மாட்டாங்க" என்றார்.

மாமா கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மாப்பிள்ளைக்கு வெட்கம் என்றார்கள் எல்லோரும். நடுவில் நின்றிருந்த எனக்கு மட்டும் அந்தப் பேச்சு காதில் விழுந்தது. நான் அம்மாவின் புடவையை இழுத்தேன்.

"அம்மா, பொண்ணு அழகாத்தான் இருக்குது. ஆனா விசேஷத்துக்கு வந்த மாமாவ யாராவது வெளிய அனுப்புவாங்களா? கொஞ்சம் வெவரம் பத்தாது போலருக்கு."

"சும்மா இருடி. டீச்சர் இல்ல? கிளாஸ்ல புள்ளைங்கள வெளிய அனுப்பி அனுப்பிப் பழகியிருக்கும்" என்றாள் அம்மா.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.