நூற்று ஐம்பதுக்குக் கீழே

இருபத்திரண்டு வருடமாகப் பஸ் ஓட்டுகிறவள், அநாவசியமாக ஒரு தடவைகூட ஹாரன் அடித்ததில்லை. குறுக்கே எவன் பாய்ந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக் பிடிப்பாளே தவிர, வாயிலிருந்து ஒரு வசவு வராது. டிப்போவில் அவளுக்குப் பொறுமையக்கா என்றே பெயர். அப்பேர்ப்பட்ட பொறுமையக்காவின் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ், "மிஷின்ல ஏதோ கோளாறு" என்று போய் இன்னொன்றை எடுத்துவந்தாள். அதுவும் அதே நூற்று எழுபதைத்தான் காட்டியது.

ஓட்டுநர்களுக்கு வருடா வருடம் நடக்கும் உடல் சோதனை அது. நூற்று ஐம்பதைத் தாண்டினால் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது. டாக்டர் மாத்திரை எழுதிக்கொண்டே கேட்டார்.

"அப்படி என்ன கவலை உங்களுக்கு?"

"தேர்தல்."

"ஏன், நீங்க நிக்கிறீங்களா?"

"நின்னிருந்தாகூட இவ்வளவு பயம் இருக்காது டாக்டர்."

டாக்டர் சிரித்தார். அவருக்கென்ன, சிரிப்பார். போன தேர்தல் முடிந்த மூன்றாம் மாதம் அவள் புருஷன் வேலை பார்த்த காகித ஆலையை மூடினார்கள். அன்றைக்கு வீட்டோடு உட்கார்ந்தவர்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. வீடு ஓடுவது இவள் பஸ் ஓடுவதால். இந்தத் தடவை ஒரு கட்சி பஸ்களைத் தனியாருக்கு விற்கப்போகிறதாம், இன்னொன்று பாதி வழித்தடங்களை நிறுத்தப்போகிறதாம். எது வந்தாலும் இடி இவள் தலையில்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஏற்கெனவே ஒரு தடவை பேயைப் பார்த்தவள் அரளாமல் என்ன செய்வாள்?

டாக்டர் இரண்டு வாரம் தவணை கொடுத்தார். தேர்தலுக்கு முந்தைய வியாழக்கிழமை மறுபடி வர வேண்டும். அப்போதும் குறையவில்லையென்றால் சாமான் அறையில் உட்கார வேண்டியதுதான். பயணிகள் மறந்துபோன குடைகளுக்குச் சீட்டுக் கட்டும் வேலை. சம்பளம் பாதி.

அன்று மாலையே அவள் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். செல்போனில் இருந்த பதினொரு வாட்ஸப் குழுக்களிலிருந்தும் வெளியே வந்தாள். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக, ஒவ்வொரு ட்ரிப் முடிவிலும் அதைத் திறந்து பார்த்துத்தானே இந்தக் கதி. சாப்பாட்டில் உப்பைக் குறைத்தாள். டிப்போவுக்கு நடந்தே போனாள். கூட வேலை பார்க்கும் டிரைவர் ஒருவர் ஆறுதல் சொல்ல வந்தார்.

"ராமன் ஆண்டா என்ன, ராவணன் ஆண்டா என்ன அக்கா. நாம வண்டி ஓட்டினாத்தானே சோறு."

"ஓட்டறதுக்கு வண்டி இருக்கணும்ல, தம்பி."

வீட்டில் டிவிதான் பெரிய தொல்லை. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்கிற மாதிரி, பொழுது விடிந்தால் நாலு பேர் அதில் உட்கார்ந்து ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்தார்கள். புருஷன் அதன் முன்னாலிருந்து அசையமாட்டார். ஒரு சேனல் முடிந்தால் அடுத்தது. கேட்டதை எழுதிக்கொள்ளக் கையில் ஒரு நோட்டு வேறு.

"என்னங்க, அதைக் கொஞ்சம் அணைங்க. என் உயிர் போகுது."

"சத்தத்தைக் குறைச்சுக்கிறேன், விடு."

குறைத்தார். ஆனால் டிவிக்கு ஒரு சாண் தூரத்தில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மனுஷனுக்கு இவ்வளவு அழுத்தமா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்டாட்டி வேலை போகப்போகிறது, இவருக்கு விவாதம் கேட்கிறதாம்.

பஸ்ஸில் இன்னொரு கூத்து நடந்தது. 'ஓட்டுநரிடம் பேசாதீர்கள்' என்ற பலகைக்குக் கீழே, 'முக்கியமாகத் தேர்தல் பற்றி' என்று ஓர் அட்டையில் எழுதி ஒட்டினாள். நல்லதென்று நினைத்துத்தான் செய்தாள். அதுவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தவர்களெல்லாம் அட்டையைப் படித்துவிட்டுத் தேர்தலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். இந்த அட்டை எங்களைத்தான் குத்துகிறது என்று இரண்டு கட்சிக்காரர்களும் புகார் எழுதினார்கள். இத்தனை வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும். மூன்றாம் நாள் மேலாளர் வந்து அட்டையைக் கிழித்தார்.

வியாழக்கிழமை வந்தது. சோதனை அறைக்கு வெளியே ஏழெட்டு டிரைவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் டிவி அலறிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து போய் பிளக்கைப் பிடுங்கினாள். யாராவது சண்டைக்கு வருவார்கள் என்று பார்த்தால், எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள்.

முதல் தடவை நூற்று அறுபத்தாறு. பத்து நிமிடம் கழித்து நூற்று அறுபத்திரண்டு.

"இன்னும் ஒரு தடவைதான் பார்க்க முடியும், அக்கா" என்றாள் நர்ஸ். "எதையும் நினைக்காம இருங்க."

எதையும் நினைக்காதே என்றால் மனசு கேட்குமா? குடையும் சீட்டும் கண்முன் வந்து நின்றன. நெஞ்சு அடித்துக்கொள்வது காதில் கேட்டது. சீ, இதென்ன இழவு என்று தன்மேலேயே கோபம் வந்தது. நினைக்காமல் இருக்கத் தெரியாது, தெரிந்த எதையாவது நினைப்போம் என்று கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள்ளேயே வண்டியை எடுத்தாள்.

டிப்போ வாசலில் இடது பக்கம் ஒரு பள்ளம், அதை விட்டு ஒதுக்கினாள். தபால் அலுவலக நிறுத்தத்தில் நாலு பேர். ஊன்றுகோல் வைத்திருக்கும் பெரியவர் ஏறி உட்காரும்வரை காத்திருந்தாள். ஆஸ்பத்திரி வளைவில் இரண்டாவது கியர். சந்திப்பில் மூன்று மாடி உயரத்துக்கு இரண்டு கட்சித் தலைவர்களும் விளம்பரப் பலகையில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். தினமும் அங்கே வந்தால் அவள் கண் தானாக மேலே போகும். இன்றைக்குப் பார்வையை இறக்கி, அவர்களுக்குக் கீழே இருந்த சிக்னலைப் பார்த்தாள். பச்சை விழுந்ததும் போய்விட்டாள்.

"அக்கா, காலை ஆட்டாதீங்க."

"ஒரு சைக்கிள் குறுக்க வந்துச்சும்மா. பிரேக் பிடிச்சேன்."

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு எண்ணை எழுதினாள். நூற்று நாற்பத்தாறு. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. டாக்டர் கையெழுத்துப் போட்டு, தேர்தலன்று லீவு எடுத்துக்கொண்டு ஓய்வெடுக்கச் சொன்னார். அவள் நேரே டிப்போவுக்குப் போய், அதே நாளுக்கு முதல் ஆளாக வண்டி கேட்டு எழுதிக் கொடுத்தாள். வீட்டில் உட்கார்ந்தால்தான் செத்துப்போவோம் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கே ஓட்டுப் போட்டாள். வாக்குச் சீட்டில் யாருக்குக் குறி போடுவதென்று கடைசி நிமிடம்வரை தெரியவில்லை. ஆனது ஆகட்டும் என்று போட்டாள். எட்டரைக்கு வண்டியை எடுத்தாள். வீட்டுக்குப் பக்கத்து நிறுத்தத்தில் புருஷன் நின்றிருந்தார். காலையில் ஓட்டுப் போடக் கூப்பிட்டபோது அப்புறம் போகிறேன் என்று மழுப்பியவர். முகம் வெளுத்திருந்தது, கையில் அந்த நோட்டு. ஏறினார். காலி சீட் இருந்தும் உட்காராமல் அவளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?"

"எனக்குப் பயமா இருக்கு."

முப்பது வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதேயில்லை.

"போன தடவை நான் ஓட்டுப் போட்ட ஆளுங்கதான் ஜெயிச்சாங்க" என்றார், பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி. "என் ஆலையை என் கையாலயே மூடிட்டேன். இந்தத் தடவை உன் வேலைக்கும் அப்படி ஆயிடக் கூடாதுன்னுதான் விடாம டிவியைக் கேட்டு எழுதிட்டிருந்தேன். அப்பவும் தெரியலை. எதுக்குப் போடறதுன்னு தெரியலை."

ஐந்து வருடமாக இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். ஒரு சாண் தூரத்தில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷனைப் போய் என்னவெல்லாம் நினைத்தோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"உங்க ஒரு ஓட்டுக்கு அவ்வளவு பலம்னா நான் எதுக்குங்க மாத்திரை சாப்பிடறேன்?" என்றாள். குரல் உடைந்ததை அவர் கவனித்தாரோ என்னவோ. "எனக்கும் தெரியாமத்தான் போட்டேன். தப்பாப் போனா ரெண்டு பேரும் சேர்ந்து திட்டு வாங்கிக்குவோம். ஓட்டுப் போடற ஸ்கூல் வாசல்லயே இறக்கி விடறேன், போய்ப் போட்டுட்டு வாங்க."

அவர் நோட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அவள் கதவை மூடினாள்.

"கம்பியைப் பிடிச்சுக்கோங்க" என்றாள். "வண்டி எடுக்கப்போறேன்."