எண்ணெய்க் கை

ஒகேனக்கல். பென்னாகரம் வரை கரிவாயுவில் ஓடும் பஸ்ஸிலும், பிறகு காட்டுக்குள் மாட்டு வண்டியிலும் குலுங்கி வந்த இடுப்பை ஆற்றங்கரையில் ஒருவர் நல்லெண்ணெய் விட்டு நீவி முடித்திருக்கிறார். கண் சொக்குகிறது. ஆனாலும் கீழே பாறை இடுக்குக்குள் பரிசலில் போய்ப் பார்க்காமல் படுக்க மனமில்லை.

பரிசல்காரர் என்னை ஏற்றிக்கொள்ளவில்லை.

"எண்ணெ மேலோட ஏத்தறதில்லீங்க."

"நான் விழ மாட்டேன்."

அவர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறார். கை வழுக்கி என்னிடமே வந்துவிடுகிறது.

"தண்ணியில வுழுந்தாலும் இப்படித்தானுங்க. அரப்புப் போட்டுக் குளிச்சுட்டு வாங்க. இருக்கறேன்."

பாறையில் உட்கார்ந்து, வந்த சுகத்தையெல்லாம் தேய்த்துக் கழுவுகிறேன். எண்ணெய் நீரில் படலமாக விரிந்து, எனக்கு முன்னாலேயே பாறை இடுக்குக்குள் போகிறது.