அருளப்பனின் துண்டு

எழுபதுகளில் மண்ணூர்ப் பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தேன். லாரி டிரைவர் அருளப்பனுக்கு வயிற்றில் புற்றுநோய். வலிக்கு மட்டும் பெத்தடின் என்ற போதை மருந்து ஊசி போடச் சொல்லியிருந்தார் டாக்டர்.

அடுத்த ஊசிக்கு நேரமாகும் முன்பே அருளப்பன் கேட்பார். "தாங்க முடியல சிஸ்டர், ஒண்ணு போடுங்க."

போதைக்குப் பழகிவிட்டார் என்று நானாகவே முடிவுகட்டினேன். மருந்தை அலமாரியில் பூட்டிவிட்டு, டாக்டருக்குத் தெரியாமல் வெறும் டிஸ்டில்டு வாட்டரை ஊசியில் ஏற்றிப் போட்டேன். அரை மணி கழித்து விசாரித்தேன்.

"இப்ப பரவால்ல சிஸ்டர்" என்றார்.

என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். கடைசி ஒன்பது நாளும் தண்ணீர்தான்.

அவர் இறந்த பிறகு, அவர் மனைவி மேரி தலையணைக்கடியிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். ஓரமெல்லாம் கடித்துக் குதறியிருந்தது.

"நீங்க அந்தாண்ட போனதும் இத்தக் கடிச்சிக்கினு கெடப்பாரு சிஸ்டர். வலி அடங்கலன்னு சொன்னா, ஊசியால பிரயோசனமில்லன்னு நிறுத்திடுவாங்களோன்னு பயம் அவருக்கு."

அந்த ஊசியில் மருந்தே இல்லை என்று அவளிடம் நான் சொல்லவில்லை. இன்றுதான் சொல்கிறேன். வலிக்கிறது என்று அவர் கெஞ்சியபோதெல்லாம் நம்பாத நான், வலி இல்லை என்றதும் உடனே நம்பிவிட்டேன்.